ஏழு முழப் பாதையும் நம் வாகனங்களும்

 

 

போன மாதம் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நம் பள்ளிக்கு ஜனாஸா வந்தது. உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். கிழக்குச் சந்தின் இரண்டு பக்கமும் பெரிய கார்கள் நின்றன. சந்தூக்கைத் தோளில் சுமந்து வந்தவர்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள். இருவர் இருவராகத் தோள் கொடுத்து நடக்க அங்கே இடமில்லை. கடைசியில் சந்தூக்கைத் தோளிலிருந்து இறக்கி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகக் கையில் பிடித்து, கார் கண்ணாடிகளில் இடிக்காமல் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுவந்தார்கள். மையித்தின் மகன் முன்னால் பிடித்திருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன்.

அந்தக் காரின் உரிமையாளர் எங்கே என்று கேட்டால், உள்ளே முதல் ஸஃப்பில் அதே ஜனாஸா தொழுகைக்காகக் காத்திருக்கிறார். நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டார். "ஹஜ்ரத், ஒரு ஹாரன் அடிச்சிருந்தா வந்து எடுத்திருப்பேனே" என்றார். சந்தூக்கில் ஏது ஹாரன்?

அவரைக் குறை சொல்ல இந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் நிறுத்திய அதே இடத்தில் இருபது வருடமாக யாராவது ஒருவர் நிறுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஜனாஸா போனது. இப்போது ஏன் போகவில்லை? அன்று இரவே முத்தவல்லியும் நானும் டேப் எடுத்துப் போய்ச் சந்தை அளந்தோம். பதினாறு அடி. அந்தக் காலத்திலும் அதே பதினாறு அடிதான். சந்து சுருங்கவில்லை. வாகனம் பெருத்துவிட்டது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கார் வீட்டுப் பிள்ளை மாதிரி. நீளம் சுமார் 3.3 மீட்டர், அகலம் 1.44 மீட்டர், எடை ஏறக்குறைய 650 கிலோ. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்று நம் மஹல்லாவில் நிற்கும் ஃபார்ச்சூனரை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 4.8 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், எடை 2 டன்னுக்கு மேல். பக்கக் கண்ணாடிகளை இந்த அகலத்தில் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் மாருதி நின்றால் நம் சந்தில் நடுவே ஆறரை அடி மிஞ்சும், சந்தூக் தாராளமாகப் போகும். இரண்டு பக்கமும் ஃபார்ச்சூனர் நின்றால் நாலு அடிகூட முழுதாக மிஞ்சாது.

"அம்பாசடர் பெரிய கார்தானே ஹஜ்ரத்?" என்று ஒருவர் கேட்டார். பெரியதுதான். ஆனால் தெருவுக்கு ஒரு அம்பாசடர் இருந்தால் அதிசயம். இப்போது வீட்டுக்கு வீடு. 2023-24இல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் பத்தில் ஆறு எஸ்யூவி போன்ற யூட்டிலிட்டி வாகனங்கள்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1959இல் வந்த மினி காரின் பெயரே சிறியது என்பதுதான். பத்து அடி நீளம். அதே பெயரில் இப்போது வருவது பன்னிரண்டரை அடிக்கு மேல். ஜெர்மனியின் கோல்ஃப் கார் 1974இல் 1.61 மீட்டர் அகலம், இப்போது 1.79. ஐரோப்பாவில் புதிய கார்களின் சராசரி அகலம் இரண்டு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கூடி, 2023இல் 180 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே ஒரு காரணமானது. 1975இல் எரிபொருள் சிக்கனத்துக்கு அங்கே சட்டம் போட்டார்கள். கார்களுக்கு இறுக்கமான அளவு, சிறு டிரக்குகளுக்குத் தளர்வான அளவு. விவசாயி, தச்சர் போன்றவர்கள் பாவம் என்று கொடுத்த சலுகை அது. கம்பெனிகள் என்ன செய்தன? குடும்பக் காரையே டிரக் கணக்கில் வரும்படி செய்து விற்றன. பிறகு விதியை மாற்றி, வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை வைத்துக் கணக்கிட்டார்கள். பரப்பு பெரிதானால் இலக்கு எளிதாகும். இன்னும் பெரிதாக்கினார்கள்.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறாக, 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்கு மேற்படாத சிறிய இன்ஜின் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். நல்ல எண்ணம்தான். இன்று கடைக்குப் போய்ப் பாருங்கள், 3.995 மீட்டர் நீளத்தில் வரிசையாக எஸ்யூவிகள் நிற்கும். நாலு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் குறைவு! அகலத்தையும் உயரத்தையும் யாரும் கேட்கவில்லை, அதனால் அகலம் 1.8 மீட்டருக்கு வந்துவிட்டது. வரி நீளத்தை அளந்தது. சந்துக்குத் தேவைப்பட்டதோ அகலம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கார் ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. நாளைக்கு வாட்ஸ்அப்பில் அப்படிப் போட்டுவிடாதீர்கள். நல்ல வாகனம் அல்லாஹ்வின் நிஃமத். ஸாலிஹான மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டைவீட்டார், வசதியான வாகனம் என்ற நான்கையும் மனிதனின் நற்பேறுகளாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் இப்னு ஹிப்பானில் இருக்கிறது. சூரா நஹ்லில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நீங்கள் ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் கூறுகிறான். அழகு என்பதையும் சேர்த்தே சொல்கிறான். பத்துப் பேர் உள்ள குடும்பம், வயதான தாய் தந்தை, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சாலை, வியாபாரத்துக்குச் சரக்கு என்று தேவை இருப்பவர் பெரிய வண்டி வாங்கட்டும். பரக்கத் செய்யட்டும் என்று துஆ செய்வோம்.

ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் குதிரையைப் பற்றிப் பேசும்போது அதை மூன்றாகப் பிரித்தார்கள். புகாரியில் உள்ள பிரபலமான ஹதீஸ் இது. ஒருவருக்குக் குதிரை நன்மை. ஒருவருக்கு அது திரை, அதாவது தேவையை மறைக்கும் மரியாதை. இன்னொருவருக்கு அது பாவச்சுமை. சுமையாகிப் போனவன் யார்? பெருமைக்காகவும் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் கட்டி வைத்தவன். குதிரை அதேதான், லாயமும் அதேதான், தீனியும் அதேதான். வேறுபட்டது நிய்யத். ஹதீஸ் அத்துடன் முடியவில்லை. "அப்படியானால் கழுதைகள்?" என்று தோழர்கள் கேட்டார்கள். அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காணப்படும் என்ற சூரா ஸில்ஸாலின் வசனத்தை அண்ணலார் ஓதினார்கள். வாகனம் எதுவானாலும் கணக்கு உண்டு.

இரண்டு டன் வாகனத்தில் அணுவளவு கணக்கு எங்கே வரும் என்று யோசித்துப் பார்த்தேன். வாங்குகிற அந்த நிமிடத்தில் வரும். ஷோரூமில் நிற்கும்போது நம் மனதில் ஓடுவது என்ன? மச்சான் வாங்கியதைவிட ஒரு படி மேலே வேண்டும். எதிர்வீட்டார் பால்கனியில் நின்று பார்க்க வேண்டும். இதில் வட்டியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கையில் இருக்கும் காசுக்கு ஹலாலாகச் சிறிய கார் கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஏழு வருட வட்டிக் கடனில் பெரியதை எடுக்கிறோம். அல்லாஹ் போர் அறிவித்த ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டுதான் நம்மில் சிலர் ஜும்ஆவுக்கு வந்து இறங்குகிறோம்.

நிக்காஹ் பேசும் இடத்தில் இன்னும் மோசம். "நாங்க எதுவும் கேட்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றது" என்று சொல்லிவிட்டு, எந்த மாடல் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒரு அத்தா என் அறையில் வந்து உட்கார்ந்து, பேச்சு முடிந்த பிறகு காரின் அளவைக் கூட்டிவிட்டார்கள் என்று சொல்லி அழுதிருக்கிறார். அந்தக் காரில் ஏறும்போது ஓதும் துஆவுக்கு என்ன பரக்கத் இருக்கும்?

பெருமை என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. "பெருமைக்கு இல்லை ஹஜ்ரத், பாதுகாப்புக்கு. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்" என்கிறார்கள். இது நியாயமான பேச்சு, பதில் சொல்லத்தான் வேண்டும். கனமான வண்டியில் இருப்பவருக்கு மோதலில் பாதுகாப்பு கூடும் என்பது உண்மை. அந்தப் பாதுகாப்புக்கு யார் விலை கொடுக்கிறார்? 2014இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். உங்கள் காரில் மோதும் வண்டி ஏறத்தாழ 450 கிலோ கூடுதல் கனமாக இருந்தால், உங்கள் காரில் உயிர்ச்சேதம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் கூடுகிறது. அதாவது நான் என் பிள்ளைக்கு வாங்கிய பாதுகாப்பை எதிரே வரும் பிள்ளையிடமிருந்து எடுத்திருக்கிறேன். எதிரே வருபவரும் இதே எண்ணத்தில் அடுத்த முறை என்னுடையதைவிடப் பெரியதை வாங்குவார். பிறகு நான். இது எங்கே போய் நிற்கும்?

காரில் இருப்பவராவது பெரிய கார் வாங்கித் தப்பிக்கலாம். நடப்பவர் என்ன செய்வார்? 2022இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். இவர்கள் எல்லோரும் பெரிய கார் மோதி இறந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன், லாரி உண்டு, பஸ் உண்டு, பைக் உண்டு. ஆனால் வண்டியின் முகப்பு உயரமானால் என்ன ஆகும் என்பது ஆராயப்பட்டுவிட்டது. சிறிய கார் இடித்தால் காலில் பட்டு ஆள் பானெட் மேல் விழுவார். உயரமான முகப்பு நெஞ்சிலும் தலையிலும் இடித்துக் கீழே தள்ளுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் சுமார் 18,000 விபத்துகளை எடுத்துப் பார்த்தது. முகப்பு நாற்பது அங்குலத்துக்கு மேல் இருக்கும் வண்டி, முப்பது அங்குலத்துக்குள் சரிவான முகப்புள்ள வண்டியைவிட, இடிபட்டு நடப்பவரைக் கொல்லும் வாய்ப்பு 45 சதவீதம் அதிகம். நாற்பது அங்குலம் என்றால் நம் மக்தப் பிள்ளைகளில் சிறியவர்களின் தலை உயரம். இடிப்பது ஒருபுறம் இருக்கட்டும், அவ்வளவு உயர முகப்புக்கு நேர் முன்னால் அந்தப் பிள்ளை நின்றால் ஓட்டுபவருக்குத் தெரிவதே கஷ்டம்.

அரபிக் கல்லூரியில் ஹிதாயா ஓதும்போது, வாகனப் பிராணி ஏற்படுத்தும் சேதம் பற்றிய பாடம் வரும். அன்று எங்களுக்கு அது பழைய காலத்துச் சட்டமாகத் தெரிந்தது. கழுதையும் ஒட்டகமும் யாரை மிதித்தால் என்ன என்று சிரித்துக்கொண்டே கிதாபைப் புரட்டினோம். அல்லாஹ் மன்னிப்பானாக. அதில் ஃபுகஹாக்கள் சொல்லும் அடிப்படை என்ன தெரியுமா? பொதுவழியில் வாகனத்தில் செல்வது எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது, ஆனால் பிறர் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. காரணம், அந்த வழியில் உங்களுக்கும் உரிமை உண்டு, மற்றவருக்கும் உரிமை உண்டு. ஆகவே பிராணி ஒருவரை மிதித்தாலோ, தலையால் முட்டினாலோ, கடித்தாலோ ஏறியிருப்பவர் பொறுப்பு, நஷ்டஈடு தர வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது பின்னங்காலால் உதைத்துவிட்டால், வாலால் அடித்துவிட்டால் அவர் பொறுப்பல்ல. ஏன்? அதைத் தடுப்பது அவரால் ஆகாது. மிதிப்பதைத் தவிர்க்க அவரால் முடியும்.

இதை இன்று வைத்துப் பாருங்கள். "முன்னால் பிள்ளை நின்றது தெரியவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். தெரியாத உயரத்தில் போய் உட்காரச் சொன்னது யார்? அதைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே. கோர்ட்டில் அந்தப் பேச்சு நிற்கலாம். நான் ஓதிய கிதாபின் அடிப்படையில் பார்த்தால் அது நிற்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. உயரமான வண்டி வைத்திருப்பவருக்கு மற்றவர்களைவிடக் கடமை கூடுதல். சந்தில் எடுக்கும் முன் ஒருமுறை இறங்கி முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

நபி (ஸல்) அவர்களிடம் வாகனம் இருந்தது. அதை அவர்கள் எப்படிச் செலுத்தினார்கள்? ஹஜ்ஜத்துல் விதாவில் அரஃபாவிலிருந்து திரும்பும்போது பெரும் மக்கள் கூட்டம். கஸ்வா ஒட்டகத்தின் கடிவாளத்தை அண்ணலார் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்றால், அதன் தலை சேணத்தின் முன்பகுதியைத் தொட்டுவிடும் அளவுக்கு இருந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். வலக்கையால் மக்களுக்கு நிதானம், நிதானம் என்று சைகை காட்டினார்கள். மணல் மேடு வரும்போது மட்டும் அது ஏறுவதற்காகக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை ஹஜ்ஜின் சட்டமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதில் ஓட்டுநருக்கும் பாடம் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. அந்த ஹஜ்ஜுக்கு அவர்கள் ஏறிச் சென்றது பழைய சேணம், நான்கு திர்ஹம்கூடப் பெறாத ஒரு போர்வை. இது முகஸ்துதி இல்லாத ஹஜ்ஜாக ஆக வேண்டும் என்று துஆ செய்துகொண்டே போனார்கள்.

அண்ணலாரின் அள்பா என்ற ஒட்டகம் பந்தயத்தில் தோற்றதே இல்லை. ஒரு கிராமவாசி இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகில் உயர்ந்துவிடும் எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ் தன்மீது ஆக்கிக்கொண்ட ஒன்று என்று சொல்லி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். ஷாம் சென்ற உமர் (ரலி) அவர்களுக்கு ஒரு கொழுத்த குதிரையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏறியதும் அது நெஞ்சை நிமிர்த்திக் குலுங்கிக் குலுங்கி நடந்தது. உடனே இறங்கிவிட்டார்கள். தம் பழைய வாகனத்துக்கே திரும்பினார்கள். குதிரை சரியாகத்தான் நடந்தது. தம் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துதான் உமர் (ரலி) இறங்கினார்கள்.

"ஹஜ்ரத்திடம் இருப்பது பழைய ஸ்கூட்டர், அதனால்தான் இப்படிப் பேசுகிறார்" என்று சிலர் நினைக்கலாம். இருக்கலாம். போன ரமளானில் ஒரு சகோதரர் தன் பெரிய வண்டியில் என்னைத் தராவீஹுக்குப் பிறகு வீட்டில் விட்டார். அந்த உயரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, ஒதுங்கி நின்றவர்கள் எல்லாம் எனக்காக ஒதுங்கியது போல ஒரு சுகம் வந்தது உண்மை. பத்து நிமிடப் பயணத்தில் எனக்கே அப்படி. வாகனத்தில் ஏறும் துஆவின் பொருளை அன்றுதான் கவனித்தேன். இதை வசப்படுத்தும் சக்தி எங்களுக்கு இருக்கவில்லை என்றும், நாங்கள் ரப்பிடமே திரும்புகிறவர்கள் என்றும் அதில் சொல்கிறோம். வாகனத்தில் ஏறும்போது மறுமைப் பயணம் ஏன் ஞாபகப்படுத்தப்படுகிறது என்று முஃபஸ்ஸிர்கள் பேசுகிறார்கள். நமக்கு அது ஏன் என்று சந்தூக் சந்தில் நின்ற அன்று தெரிந்தது.

இனி அந்தச் சந்துக்கே வருகிறேன். பாதையின் அளவில் தகராறு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சுமையேற்றிய வாகனங்கள் வரவும் போகவும் அது போதும் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) இதை எந்தப் பாடத்தில் வைத்தார்கள் தெரியுமா? அநீதிகள் என்ற பாடத்தில். பாதையில் உட்காருவதற்கே உரிமைகளைச் சொன்ன ஹதீஸும் அதே பாடத்தில்தான். பாதையைக் குறைப்பது நம் கண்ணுக்குப் பார்க்கிங் பிரச்சினை, இமாம் புகாரிக்கு அது அநீதி. ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடத்தை நெருக்கிப் பாதையை அடைத்தபோது, அப்படிச் செய்பவருக்கு ஜிஹாதின் நன்மையே இல்லை என்று அறிவிக்கச் சொன்னார்கள் அண்ணலார். அபூதாவூதில் வருகிறது. ஜிஹாதுக்கே அந்த நிலை என்றால், பாதையை அடைத்துவிட்டு வந்து தொழுகிற நம் ஜும்ஆவை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏழு முழம் என்பது ஏறக்குறைய பத்தரை அடி. நம் சந்து பதினாறு அடி. பாதைக்கு உரியதைக் கொடுத்தது போக மிச்சம் ஐந்தரை அடி. மாருதி 800இன் அகலம் ஐந்து அடிக்கும் குறைவு, அடங்கிவிடும். ஃபார்ச்சூனர் ஆறு அடிக்கு மேல், அடங்காது. நாலு மீட்டருக்குள் வரும் எஸ்யூவியும் பெரும்பாலும் அடங்காது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகம் கலந்து பேசி ஒரு முடிவெடுத்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ் அடுத்த ஜும்ஆவுக்குள் கிழக்குச் சந்தில் வடக்குச் சுவரிலிருந்து ஐந்தரை அடியில் வெள்ளைக் கோடு போடப்படும். கோட்டுக்குள் அடங்கும் வண்டி, பைக் எதுவானாலும் அங்கே நிறுத்தலாம். தெற்குப் பக்கம் யாரும் நிறுத்தக் கூடாது. கோட்டைத் தாண்டும் வண்டிகள் மதரஸா திடலுக்குப் போக வேண்டும், அங்கிருந்து பள்ளிக்கு நாலு நிமிட நடை. நடக்க முடியாத பெரியவர்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திடலுக்குக் கொண்டுபோங்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் நடந்தே வாருங்கள், பள்ளிக்கு வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் நன்மை உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடு போடும் செலவை ஏற்றுக்கொள்வதாக ஒருவர் முன்வந்திருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் ஸஃப்பில் இருந்தவர்தான்.